அடம்பன் வயல்வழியே ஒருநாள்

மன்னார்ப் பெருநிலத்தில் மலையில்லை. கார்த்திகை மாதத்து வாடைக்காற்றே இங்கு துவிச்சக்கர வண்டிக்காரருக்கு மலை. காலையில் திருக்கேதீச்சரத்தை வணங்கிவிட்டு அடம்பனை நோக்கிப் புறப்படுங்கள். காற்று எதிர்த்து நிற்கும். இருமருங்கும் காலபோக நெற்பயிர் பசேலென அசையும். அதன் உயிர்நிலை கட்டுக்கரைக் குளம். 5-ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியதென்பர். அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்கால் வழியே அக்குளத்தை நிரப்புகின்றனர்.

2008-ஆம் ஆண்டுப் போரில் அடம்பன் வெறிச்சோடியது. அன்று மக்கள் பாயையும் பானையையும் வண்டிகளில் கட்டி உருட்டிக்கொண்டு வெளியேறினர். இன்று மீண்டு வந்தோரின் வண்டிகளில் உரமூட்டைகள் ஏறுகின்றன. மாணவர்களே, இவ்வூர்களில் விரையாதீர்கள். வரப்பிலே நிற்கும் முதியவரிடம் இரண்டு வார்த்தை பேசிச் செல்லுங்கள். மாலையில் திரும்பும்போது காற்றே முதுகில் கைவைத்து உங்களை வீடு சேர்க்கும்.