கடன் வாங்கிய வலிமை

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்தரமேரூர், கல்வெட்டினால் புகழ்பெற்ற ஊர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலை முறைக்குரிய விதிகளை இவ்வூர்ச் சபையார் கல்லிலே பொறித்து வைத்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. பொதுப் பொருளுக்கு மட்டுமன்று, உடலுக்கும் கணக்கு உண்டு. அதனை மறந்தவர் படும் துன்பத்தை இவ்வூரிலேயே யான் கண்டேன்.

என் அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவன், மேனிலைப் பள்ளி மாணவன். உழவர் குடியிற் பிறந்தவன். உடலைப் பேண வேண்டும் என்னும் நல்லார்வம் உடையவன். நாள்தோறும் மாலையில் உடற்பயிற்சிக் கூடம் செல்வான். சில திங்களாக அவன் கண்கள் குழி விழுந்தன, வகுப்பிலே உறங்கலானான். ஒரு நள்ளிரவில் ஓடி வந்து என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "தாத்தா, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை நடுங்குகிறது" என்றான். "என்னப்பா சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். பயிற்சிக்கு முன் நீரிற் கலந்து பருகும் பொடியை, அன்று ஒரு கரண்டிக்கு இரு கரண்டியாக உட்கொண்டதாகச் சொன்னான். உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். விடியும் வரை அவர் கண்காணித்தார். நற்பேறாகத் தீங்கின்றி மீண்டான். அன்று மருத்துவர் எடுத்துரைத்தவற்றையும், பின்னர் யான் படித்தறிந்தவற்றையும் மாணவர்களாகிய உங்களுக்குக் கூறுகின்றேன்.

இப்பொடியை 'ப்ரீ ஒர்க்அவுட்' என்று கடைகளில் வழங்குவர். இதனை உண்டவுடன் முகத்திலும் கைகளிலும் எறும்பு ஊர்வது போலத் தோன்றும். வலிமை ஏறுகின்றது என்று இளைஞர் மகிழ்வர். அஃது அன்று, பீட்டா அலனின் என்னும் பொருள் தோலின் நரம்புகளைத் தூண்டுவதால் உண்டாகும் கூச்சமே அது. பொடியின் தலைமைப் பொருள் காஃபீன். ஒரு குவளைக் காப்பியில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். இப்பொடிகள் பலவற்றில் ஒரு கரண்டியிலேயே 200 முதல் 300 மில்லிகிராம் வரை உண்டு.

காஃபீன் வலிமை தருகின்றதா? இல்லை. நாம் விழித்திருந்து உழைக்கும்போது, அடினோசின் என்னும் பொருள் மூளையிற் சிறிது சிறிதாகச் சேரும். "களைத்தாய், ஓய்வு கொள்" என்று உணர்த்தும் தூதன் அது. அத்தூதன் அமர வேண்டிய இருக்கையில் காஃபீன் முந்திச் சென்று அமர்ந்துகொள்கின்றது. செய்தி சென்று சேர்வதில்லை. ஆனால் களைப்பு அப்படியே இருக்கின்றது. களைத்த காளையைத் தாற்றுக்கோலால் குத்தினால் அது விரைந்து நடக்கும். அதனால் அதன் வயிறு நிறைந்ததாகுமா?

இனி, உறக்கத்தின் கணக்கைப் பார்ப்போம். உடலிற் புகுந்த காஃபீனிற் பாதி நீங்குவதற்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு 300 மில்லிகிராம் உட்கொண்டவன் உடலில், இரவு 11 மணிக்கும் 150 மில்லிகிராம் எஞ்சி நிற்கும். படுக்கைக்குச் செல்லும்போது ஒன்றரைக் குவளைக் காப்பி பருகியதற்கு அஃது ஒப்பாகும். அமெரிக்க நாட்டில் 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, உறங்குவதற்கு 6 மணி நேரம் முன்னர் 400 மில்லிகிராம் காஃபீன் கொண்டவர்க்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உறக்கம் குறைந்ததைக் காட்டியது. அக்குறைவை அவர்கள் தாமே நன்கு உணரவும் இல்லை என்பது கருதத்தக்கது. பயிற்சியின்போது தசைகள் வளர்வதில்லை, நுண்ணிதாகச் சிதைகின்றன. அவற்றைப் பழுது பார்க்கும் வேலைக்கு உறக்கம் இன்றியமையாதது. வளர்ச்சிக்குரிய சுரப்பு நீர் மிகுதியாகச் சுரப்பதும் ஆழ்ந்த உறக்கத்திலேதான். ஆகவே, தசை வளர்க்க விரும்பி உறக்கத்தை இழப்பவன், விதைநெல்லை விற்று உரம் வாங்குபவனை ஒப்பான்.

இதயத்தின் கணக்கு இதனினும் கடுமையானது. ஓய்வில் இருக்கும்போது வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். பயிற்சி அத்துடிப்பை இயல்பாகவே மிகுவிக்கும். அதன்மேல் காஃபீனும் அட்ரினலினைத் தூண்டிக் குருதி அழுத்தத்தை உயர்த்துகின்றது. அளவு மிஞ்சினால் துடிப்பின் தாளம் பிறழலாம். பிறவியிலேயே இதயக் குறை உடையோர் சிலர் அதனை அறியாமலே வாழ்கின்றனர். அவர்க்கு இஃது உயிர்க்கே இடராகும். நலமுள்ள வளர்ந்தவர்க்கே ஒரு முறைக்கு 200, ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ஆம் ஆண்டு வரையறுத்தது. வளரும் பிள்ளைகட்கு அவ்வளவும் மிகையே.

பொடியிற் காஃபீன் மட்டுமே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. டி.எம்.ஏ.ஏ. என்னும் தூண்டு பொருளைக் கலந்து விற்ற நிறுவனங்களை அமெரிக்க அரசு 2012ஆம் ஆண்டு எச்சரித்தது. நம் நாட்டிலோ, அறுவை மருத்துவத்தின்போது தாழ்ந்த குருதி அழுத்தத்தை உயர்த்துவதற்கென அமைந்த மெஃபென்டர்மின் ஊசி மருந்தையே பயிற்சிக்கு முன் ஏற்றிக்கொள்ளும் பேதைமையும் சிலரிடம் பரவியுள்ளது. மருத்துவர் கையில் உயிர் காக்கும் மருந்து, அறியாதவன் கையில் நஞ்சாகின்றது.

ஆயின், உடற்பயிற்சி வேண்டாவோ? வேண்டும், மிகவும் வேண்டும். பொடி என்னும் பெயரே இல்லாத நாளில், தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் சிலம்பமும் நம் முன்னோர் உடலை உரமாக்கின. கேழ்வரகும் கொள்ளும் வேர்க்கடலையும் முட்டையும் இன்றும் நம் ஊரிற் கிடைக்கின்றன. உங்கள் பருவத்தார்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. அதற்குப் பொருட்செலவு ஒன்றும் இல்லை. பயிற்சியின்போது நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, துடிப்புத் தாறுமாறானாலோ உடனே நிறுத்தி, பெற்றோரிடம் கூறி, மருத்துவரை நாடுங்கள். நாணி மறைத்தல் கூடாது.

அப்பிள்ளை இப்பொழுது வைகறையில் எழுந்து ஏரிக்கரையில் ஓடுகின்றான். இரவு 10 மணிக்கு உறங்கிவிடுகின்றான். முன்போல் விரைவாக எடை தூக்க இயலவில்லை என்று ஒரு நாள் குறைப்பட்டுக்கொண்டான். "தம்பி, முன்பு நீ தூக்கியது கடன் வாங்கிய வலிமையால், இப்பொழுது தூக்குவது உன் சொந்த வலிமையால்" என்றேன். கல்லில் எழுதிய கணக்கையேனும் காலம் அழிக்கலாம். உடல் எழுதும் கணக்கு அழியாது. அதனை நாள்தோறும் நேர்மையாகத் தீர்த்து வாழ்வீர்களாக!