பச்சிளங்குழந்தையின் நோயும் காப்பீட்டுப் பாதுகாப்பும்

நமது நாட்டில் ஓராண்டு நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகளில் பெரும்பகுதியினர் பிறந்த 28 நாட்களுக்குள்ளேயே உயிரிழக்கின்றனர். குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு, மூச்சுத் திணறல், கிருமித் தொற்று ஆகியவை முக்கியக் காரணங்களாகும். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைப்பின் இம்மரணங்களில் பலவற்றைத் தடுக்க இயலும். ஆயின், தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் தங்க நேர்ந்தால், அச்செலவு எளிய குடும்பங்களைக் கடனில் ஆழ்த்திவிடும். எனவே, தமக்குரிய பாதுகாப்பு எது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது இன்றியமையாததாகும்.

அரசு மருத்துவமனைகளில்

2011 ஜூன் மாதம் தொடங்கப்பெற்ற ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டம், நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சையை உரிமையாக வழங்குகிறது. முதலில் 30 நாட்கள் வரை இருந்த இவ்வுரிமை, 2014-ல் ஓராண்டு வரை நீட்டிக்கப்பட்டது. மருந்து, பரிசோதனை, இரத்தம், மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் வாகன வசதி ஆகியன இதில் அடங்கும். இதற்குக் காப்பீட்டு அட்டை எதுவும் தேவையில்லை.

தொழிலாளர் குடும்பங்களுக்கு, 1952 முதல் செயற்பட்டுவரும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் துணை நிற்கிறது. தொழிலாளி இதில் சேர்ந்த நாள் முதலே குடும்பத்தாரும் மருத்துவ உதவி பெறலாம். உயர்சிறப்புச் சிகிச்சைக்கு மட்டும் தனி நிபந்தனைகள் உண்டு.

ஆயுஷ்மான் பாரத்

2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஜன ஆரோக்கியத் திட்டத்தின்கீழ், தகுதியுடைய குடும்பம் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை பெறலாம். உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. பட்டியலில் பெயரில்லாத புதிய குழந்தையையும் சேர்க்க வழியுண்டு. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படும். 1969-ம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். பெயர் சூட்டும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பெயரின்றியே பிறப்பைப் பதிவு செய்து, பின்னர் பெயரைச் சேர்க்கலாம்.

தனியார் காப்பீடு

பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் எழுகின்றன. பல பாலிசிகளில் குழந்தைக்கான பாதுகாப்பு 90 நாட்களுக்குப் பின்னரே தொடங்குகிறது. ஆபத்து மிகுந்த முதல் மாதம் அதற்கு வெளியே நின்றுவிடுகிறது. மகப்பேற்றுப் பாதுகாப்புடன் கூடிய பாலிசிகள் பலவற்றில் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. ஆயினும், மகப்பேற்றுக்கெனக் குறித்த காத்திருப்புக் காலம் முடிந்திருத்தல் வேண்டும். நிறுவனங்கள் தம் ஊழியர்க்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில், குழந்தை பிறந்த செய்தியைக் குறித்த கெடுவுக்குள் தெரிவிக்கத் தவறினால் பாதுகாப்புக் கிட்டாமற் போகலாம். ஆகவே, இந்நிபந்தனைகளைப் பேறுகாலத்திற்கு முன்பே படித்தறிதல் நலம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கை மீது ஒரு மணி நேரத்திற்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். வீடு திரும்பும்போது இறுதி அனுமதி 3 மணி நேரத்திற்குள் வழங்கப்பட வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டாலும் சிகிச்சையை நிறுத்தலாகாது. செலவைச் செலுத்திவிட்டுப் பின்னர் ஈட்டுத்தொகை கோரும் வழி உண்டு. அதற்கு மருத்துவரின் பரிந்துரைகள், அசல் ரசீதுகள், சிகிச்சைச் சுருக்கம் ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

மறுக்கப்பட்டால்

கோரிக்கை நிராகரிக்கப்படின், அதற்குரிய காரணத்தை எழுத்து வடிவில் கேட்டுப் பெற்று, முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிட வேண்டும். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிடினும், பதில் நிறைவளிக்காவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஓராண்டுக்குள் மனுச் செய்தல் வேண்டும்.

குழந்தையின் அருகில் இருக்க வேண்டிய பெற்றோரால் அலுவலகங்களுக்கு அலைய இயலாது. மருத்துவமனை ஊழியரும் பதிவு அலுவலரும் இவ்விதிகளை அறிந்து முதல் நாளிலேயே வழிகாட்டினால், பல குடும்பங்கள் கடன்சுமையிலிருந்து காக்கப்படும். பல குழந்தைகளுக்கு உரிய நேரத்தில் சிகிச்சையும் கிட்டும்.