ஓவியர் அதே, எழுத்தாளர் வேறு

டீ வரட்டும், அதற்குள் ஒரு கேள்வி. ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொடர் வருஷக்கணக்காக வருகிறது. பெயர் அதே, உடை அதே, வில்லன்கள்கூட அதே. எழுதுகிறவரோ வரைகிறவரோ மாறிவிட்டால் என்ன ஆகிவிடும்?

ஓவியர் மாறினால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். தாடை அகலமாகும், நிழல் குறையும், கட்டங்களின் அடுக்கு மாறும். பென்சிலில் வரைபவர் அப்படியே இருக்க, மை போடுபவர் மட்டும் மாறினாலும் முகம் வேறாகிவிடும். எழுத்தாளர் மாறுவது மெதுவாகத்தான் புரியும். ஆனால் தொடரை அடியோடு திருப்பிவிடுவது பெரும்பாலும் அதுதான் என்பது என் எண்ணம். அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க, ஓவியர் இருக்க எழுத்தாளர் மட்டும் மாறிய தொடர் ஒன்று வேண்டும். நமக்கு நன்றாகத் தெரிந்தவனே கிடைக்கிறான்: ஸ்பைடர். ஸ்பைடர்மேன் அல்ல; சிவகாசியின் லயன் காமிக்ஸ் 1984-இல் தமிழுக்குக் கொண்டுவந்த, கூர்க்காது வைத்த குற்றச் சக்கரவர்த்தி.

பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் 1965-இல் பிறந்தவன் அவன். எழுதியவர் டெட் கோவன். நம் இரும்பு மனிதன் ஆர்ச்சியை உருவாக்கியவரும் அவரே. வரைந்தவர் ரெஜ் பன். கோவனின் ஸ்பைடர் முழுக் குற்றவாளி. குற்ற உலகத்துக்கே ராஜாவாக வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. பெட்டகம் உடைப்பதில் கில்லாடியான ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் தன் ஆட்களாக்கிக்கொள்கிறான். கொள்ளை நடந்துவிடுமா, துப்பறிவாளர்கள் கில்மோரும் டிராஸ்க்கும் மடக்கிவிடுவார்களா என்பதுதான் கதையின் பதற்றம்.

இரண்டு கதைகளோடு கோவன் விலக, 1966-இல் பேனா ஜெர்ரி சீகலிடம் போனது. ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். சூப்பர்மேன் உரிமைக்காக டிசி நிறுவனத்தோடு மோதி, அங்கே இடமில்லாமல் போன காலத்தில் இந்த பிரிட்டிஷ் இதழுக்கு எழுதினார். அவர் கையில் எதிரிகள் பெருத்துக்கொண்டே போனார்கள்: ஆண்ட்ராய்டுகளை ஏவும் பேரரசன் ஒருவன், சீசாவிலிருந்து கிளம்பும் பூதம் ஒன்று. இவர்கள் முன்னால் பெட்டகம் உடைப்பதெல்லாம் சில்லறை வேலையாகிவிட்டது. ஸ்பைடருக்கு வேறொரு ஆசை தேவைப்பட்டது. கடைசியில் குற்றவாளிகளை வேட்டையாடுவதே அவன் வேலையானது.

பன் மட்டும் மாறவில்லை. 1969-இல் தொடர் முடியும்வரை அதே அடர்ந்த கோடுகள், அதே கறுப்பு, அதே கோணல் சிரிப்பு. நல்லவனான பிறகும் ஸ்பைடரை முழுதாக நம்பத் தோன்றவில்லை என்றால் அதற்கு அந்தக் கோடுகள்தான் காரணம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்கள் படைப்பாளிகளின் பெயரை அச்சிடுவதும் இல்லை. படித்த பிள்ளைகளுக்கு ஸ்பைடர் மனம் மாறியதாகத்தான் தெரிந்திருக்கும். சீகலின் வேகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கோவனின் கதைகளில் இருந்த பயம் பிறகு வரவே இல்லை.

புது எழுத்தாளர் பழைய கதையை என்ன செய்கிறார் என்பது இன்னொரு சங்கதி. அதற்கு டிசியின் ‘ஸ்வாம்ப் திங்’ தொடரைப் போல வேறு உதாரணம் இல்லை. மார்ட்டின் பாஸ்கோ எழுதிவந்த அந்தத் தொடரை 20-ஆம் இதழிலிருந்து ஆலன் மூர் ஏற்றார். ஓவியர்கள் பிஸ்ஸெட்டும் டோட்டில்பனும் பாஸ்கோ காலத்திலேயே வந்துவிட்டவர்கள். குடிவந்தவர் முதலில் பழைய குடித்தனக்காரரின் சாமான்களை ஒழிப்பதுபோல, மூர் முதல் இதழில் பழைய முடிச்சுகளை அவிழ்த்து, நாயகனையும் சுட்டுச் சாய்த்தார். 1984 பிப்ரவரி தேதியிட்ட அடுத்த இதழில் பிரேதப் பரிசோதனை. உள்ளே நுரையீரல் போல ஒன்று இருக்கிறது, ஆனால் மூச்சு விடாது. மூளை போல ஒன்று, ஆனால் சிந்திக்காது. செடியாகிப்போன விஞ்ஞானி அலெக் ஹாலண்ட் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் ஹாலண்ட் என்றோ செத்துவிட்டார். இது தன்னை ஹாலண்ட் என்று நம்பிக்கொண்டிருந்த செடி.

நடந்த எதையும் மூர் அழிக்கவில்லை, அதன் பொருளைத்தான் மாற்றினார். மறுபடி மனிதனாக வேண்டும் என்ற ஏக்கத்தில் ஓடிய தொடரிலிருந்து அந்த ஏக்கத்தையே பிடுங்கிவிட்டார். அதற்கு இடம் கொடுத்த ஆசிரியர் லென் வெயின், அந்த ஏக்கத்தை முதலில் எழுதியவர். தான் கட்டியதை இன்னொருவர் புரட்டிப்போட விட்ட அந்தப் பெருந்தன்மையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

மூர் 1987-இல் விலகியதும், அதே தொடரில் வரைந்துகொண்டிருந்த ரிக் வீச் எழுத்தையும் ஏற்றார். கைமாறியதே தெரியாத மாற்றம் அது. ஆனால் 1989-இல், ஸ்வாம்ப் திங் காலத்தில் பின்னோக்கிப் போய் இயேசுவைச் சந்திக்கும் கதையை வெளியிட டிசி மறுத்துவிட்டது. வீச் வெளியேறினார். அடுத்து எழுதவிருந்த நீல் கெய்மனும் ஜேமி டெலானோவும் அவருக்கு ஆதரவாக ஒதுங்கிக்கொண்டார்கள். பாதியில் நின்ற காலப் பயணத்தை முடித்துவைக்கும் வேலை டக் வீலர் தலையில் விழுந்தது.