ஒரே ஒரு முறைதான் சொல்லலாம்!

"உட்கார்" என்றால் உங்கள் நாய் உட்காருமா? "ஓ! உட்காருமே!" என்பீர்கள். சரி, எத்தனை தடவை சொன்னால் உட்காருகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

அமெரிக்காவில் சிறுவர் சிறுமியருக்கென்று ஒரு போட்டி நடக்கிறது. நாயின் அழகுக்கோ ஓட்டத்துக்கோ அதில் மதிப்பெண் இல்லை. சொன்ன சொல்லைக் கேட்கிறதா என்பதுதான் தேர்வு. கீழ்ப்படிதல் போட்டி என்று இதைச் சொல்லலாம். நியூயார்க் மாநிலத்தில் மவுன்ட் கிஸ்கோ என்னும் ஊரில் 1933-ஆம் ஆண்டு ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி, எட்டே எட்டு நாய்களை வைத்து இதைத் தொடங்கி வைத்தார். அவர் வளர்த்தவை பூடில் என்னும் சுருள்முடி நாய்கள். 'வெறும் பொம்மை நாய்கள்' என்று பிறர் கேலி செய்ததைப் பொய்யாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1936-இல் அமெரிக்க நாய் வளர்ப்போர் சங்கமான அமெரிக்கன் கென்னல் கிளப் இதை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது. இன்று 'ஃபோர்-எச்' என்னும் சிறுவர் இயக்கம், வட்டாரந்தோறும் நடக்கும் பொருட்காட்சிகளில் சிறுவர்களுக்காக இதை நடத்துகிறது. கலப்பின நாயும் கலந்துகொள்ளலாம். ஆனால் நாயைப் பழக்கியது அந்தச் சிறுவனாகவே இருக்க வேண்டும்.

விதிகளைப் பார்ப்போம். தொடக்க வகுப்பில் மொத்தம் 200 மதிப்பெண். தேர்ச்சிக்கு 170 வேண்டும். அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். நடுவர் "புறப்படு", "இடப்புறம் திரும்பு", "மெதுவாக", "வேகமாக", "நில்" என்று சொல்லச் சொல்லச் சிறுவன் நடக்கிறான். நாய் அவனுடைய இடக்காலை ஒட்டியே வர வேண்டும்; அவன் நின்றதும் தானாக உட்கார வேண்டும். முதலில் வாரோடு நடை, பிறகு வார் இல்லாமல் நடை. எந்தக் கட்டளையையும் ஒரு தடவைதான் சொல்லலாம். மறுமுறை சொன்னால் மதிப்பெண் போய்விடும். பிஸ்கட்டோ இறைச்சித் துண்டோ களத்துக்குள் கொண்டு போகக் கூடாது.

இங்கேதான் வேடிக்கை. வீட்டில் பத்துக்குப் பத்து வாங்கும் நாய், களத்துக்குள் வந்ததும் எதுவுமே தெரியாததுபோல் விழிக்கிறது. பல மாத உழைப்பு வீணாயிற்றே என்று பையனுக்கு அழுகை முட்டுகிறது. "வேண்டுமென்றே மானத்தை வாங்குகிறது" என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். நாய்க்கு அப்படியொரு வஞ்சம் உண்டா? அந்தக் குழப்பத்துக்கு வேறு காரணங்கள் உள்ளன.

நாய் நம் சொல்லைக் கேட்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் நம் உடலைத்தான் படிக்கிறது. "உட்கார்" என்னும்போது நம்மை அறியாமலே சற்றுக் குனிகிறோம், தலையை அசைக்கிறோம், கையை உயர்த்துகிறோம். இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய கட்டளையையே ஒலிப்பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். நாய்கள் கீழ்ப்படிவது குறைந்தது. 2016-இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். வாய் ஒன்று சொல்ல, கை வேறொன்றைக் காட்டியது. பெரும்பாலான நாய்கள் கையைத்தான் நம்பின.

'கெட்டிக்கார ஹான்ஸ்' என்ற ஜெர்மன் குதிரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டிய குதிரை அது. சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை இம்மியளவு அசைவதைக் கண்டு அது தட்டுவதை நிறுத்திக்கொண்டது என்பதை 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் விளக்கிக் காட்டினார். கேட்டவருக்குத் தம் தலை அசைந்ததே தெரியாது!

இதே சங்கதி போட்டியில் சிறுவர்களைக் கவிழ்ப்பதுண்டு. நாயை ஒரு கோடியில் உட்கார வைத்துவிட்டுச் சுமார் 35 அடி தள்ளிப் போய்த் திரும்பி நின்று, நடுவர் சைகை காட்டிய பிறகு "வா" என்று அழைக்க வேண்டும். அழைக்குமுன் நாய் கிளம்பி வந்துவிட்டால் அந்தப் பயிற்சியில் தோல்வி. பையன் வாய் திறக்கவேயில்லை. ஆனால் மூச்சை இழுத்து, தோளை முன்னே சாய்த்தான். நாய்க்கு அதுவே "வா". அது கீழ்ப்படியாமல் போகவில்லை. பையன் கொடுத்ததாகவே தெரியாத கட்டளைக்குக் கீழ்ப்படிந்துவிட்டது. பாவம், யாரைக் குறை சொல்வது? தேர்வு நாய்க்கு நடப்பதாகப் பெயர். பாதிக்கு மேல் அது பையனுக்குத்தான் என்பது என் எண்ணம்.

இன்னொரு சிக்கல் இடம். சமையலறை வாசலில் கற்ற "உட்கார்" சமையலறை வாசலுக்கே உரியது. அந்தத் தரை, அந்த மணம், அம்மாவின் பாத்திர ஓசை எல்லாம் சேர்ந்ததுதான் நாய்க்குப் பாடம். புதுக் களத்தில் பாதிப் பாடம் காணாமல் போய்விடுகிறது. ஆகவே தேர்ந்த பயிற்சியாளர்கள் ஒரே கட்டளையைத் தெரு, பூங்கா, கடைவாசல் என்று பல இடங்களில் பழக்குகிறார்கள்.

தின்பண்டம் இல்லாமல் நாய் எப்படி வேலை செய்யும் என்று கேட்கலாம். பாவ்லவின் நாயைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு எச்சில் ஊறியது அதன் விருப்பத்தால் அன்று. உட்காருவதும் நடப்பதும் அப்படியல்ல. பலன் கிடைத்தால் நாய் அதைத் திரும்பச் செய்யும். இதை ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர். பலன் உடனே, ஓரிரு நொடிக்குள் வர வேண்டும். நாய் உட்கார்ந்து, எழுந்த பிறகு பிஸ்கட் கொடுத்தால் எழுந்ததற்குத்தான் பரிசு! ஒவ்வொரு தடவையும் கொடுத்துப் பழக்கிய செயல், பரிசு நின்றதும் விரைவில் மறைந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே கொடுத்துப் பழக்கியதோ நீண்ட நாள் நிலைக்கும். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் விழாத சீட்டுக்காக அந்தப் பழக்கத்தை விட்டாரா? களத்துக்குள் நாயைச் சில நிமிடம் வெறுங்கையோடு நடத்தும் தந்திரமும் இதுவே.

பயமும் ஒரு காரணம். 2022-இல் வடக்கு அயர்லாந்தில் 36 பேரைத் திணற வைக்கும் கணக்கைப் போடச் செய்து, அதற்கு முன்னும் பின்னும் அவர்களுடைய வியர்வையையும் மூச்சையும் துணியில் பிடித்தார்கள். பழக்கப்பட்ட நான்கு நாய்கள், மனம் பதறியபோது எடுத்த துணியை 100-க்கு ஏறத்தாழ 94 தடவை சரியாகப் பிரித்துக் காட்டின. நெஞ்சு படபடக்கக் களத்தில் நிற்கும் பையனின் வியர்வையும் அவன் நாயின் மூக்குக்கு எட்டாமலா போகும்? அந்த வேளையில் அவன் குரலை உயர்த்தினால் நாயின் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. நாயை அடித்தாலோ முரட்டுத்தனமாக இழுத்தாலோ நடுவர் களத்தைவிட்டே வெளியேற்றிவிடுவார்.

உங்கள் வீட்டு நாயிடம் ஒரு சோதனை செய்து பாருங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். தலை அசையாமல், முகம் மாறாமல், "உட்கார்" என்று ஒரே தடவை சொல்லிவிட்டுப் பத்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள். அடுத்து முதுகைக் காட்டி நின்று சொல்லுங்கள். பிறகு வாயே திறக்காமல், வழக்கமாகச் செய்யும் கைச்சைகையை மட்டும் காட்டுங்கள். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை, வெவ்வேறு நாளில் செய்து, எத்தனை முறை உட்கார்ந்தது என்று குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். தம்பியையோ தங்கையையோ பக்கத்தில் நிறுத்தி நாயை விட்டுவிட்டு உங்களையே பார்க்கச் சொல்லுங்கள். எந்த வேளையில் உங்கள் தோள் அசைந்தது என்பதையும் அதே ஏட்டில் குறிக்கட்டும்.