ஒரு இன்ச்சுக்கு 19 மூட்டை சிமென்ட்! கட்டடத் துறையில் பலரும் கவனிக்காத வேலைகள்

ரூஃப் கான்கிரீட் போடுகிற நாள் என்றால், அந்த வீட்டுக்குப் பாதி கல்யாணக் களை வந்துவிடும். பூசணிக்காய் உடைப்பார்கள், ஆட்களுக்குச் சாப்பாடு சொல்லியிருப்பார்கள். ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்றதும் எல்லோரும் மேல்தளத்தையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு ஆள் மட்டும் டிரைவரிடம் சலானை வாங்கி, கலவை பிளான்ட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பார்ப்பார். அவர்தான் தரப் பரிசோதகர். சைட்டில் 'க்யூ.சி. இன்ஜினீயர்' என்பார்கள்.

சிவில் படித்தால் கட்டடம் கட்டும் வேலைதான் என்று நாம் நினைக்கிறோம். கட்டுவதைச் சோதிப்பவர், கட்டுவதற்கு முன்பே கணக்குப் போடுபவர், மனையைப் பார்த்துத் திட்டமிடுபவர் என்று தனித்தனி வேலைகள் இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

'ரெண்டு வாளி தண்ணி விடுங்க சார்!'

சலானைப் பார்த்த கையோடு, 30 செ.மீ. உயரமுள்ள ஓர் இரும்புக் கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பை மேலே தூக்குவார் பரிசோதகர். கலவை எவ்வளவு இறங்கி உட்காருகிறது என்பதுதான் 'ஸ்லம்ப்' சோதனை. அளவுக்கு மீறி இறங்கினால் தண்ணீர் கூடிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

கெட்டியாக இருந்தால் வேறு சிக்கல். 'ரெண்டு வாளி தண்ணி விட்டா சல்லுனு ஓடும் சார்' என்பார் மேஸ்திரி. ஓடும்தான். ஆனால், கூடுதல் தண்ணீர் கான்கிரீட்டின் வலுவைக் குறைத்துவிடும். பூச்சு வேலை முடிந்த பிறகு பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. பம்ப் ஓடுகிறது, இருபது பேர் நிற்கிறார்கள், வீட்டுக்காரர் முறைக்கிறார். அந்த நேரத்தில் 'கூடாது' என்று சொல்வதற்குத்தான் இவருக்குச் சம்பளம்.

அடுத்து கியூப். ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ. உள்ள கான்கிரீட் கட்டி, எடை சுமார் 8 கிலோ. எம்-20 கான்கிரீட் என்றால், 28-ம் நாள் அந்தச் சின்னக் கட்டி ஏறக்குறைய 46 டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதற்குள் அடுத்த தளமே எழும்பிவிடும் என்பதால் 7-ம் நாளே சில கியூப்களை உடைத்து, மூன்றில் இரண்டு பங்கு வலு வந்திருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. கியூபுக்கென்று தனியாக நல்ல கலவை போட்டுவைக்கும் தில்லாலங்கடி வேலையும் சில சைட்டுகளில் நடக்கும். அதனால், தளத்துக்குப் போகும் கலவையிலிருந்தே தன் கண்முன் எடுக்கச் சொல்வார் விவரமான பரிசோதகர்.

கம்பிக்கு அடியில் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டு வைத்திருக்கிறார்களா, 15 அடிக்கு மேல் அகலமான தளத்தில் 14 நாளுக்கு முன்பே முட்டுக்கட்டைகளைப் பிரிக்கிறார்களா என்று பார்ப்பதும் இவர் பொறுப்பு. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். பக்கத்திலேயே நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு பரிசோதகரின் கையெழுத்துக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

கணக்குப் புலிகளுக்கு…

வீட்டுக் கடன் தீர்ந்து, தளம் பாதியில் நிற்கும் வீடுகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பெரும்பாலும் அங்கே 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று வாய்க்கணக்குதான் ஓடியிருக்கும். எஸ்டிமேட்டர் அப்படிப் போடமாட்டார்.

1,000 சதுர அடி தளம், 5 இன்ச் கனம் என்றால் கான்கிரீட் 417 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 12 கன மீட்டர். எம்-20 கலவையில் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் வைத்தால் 94 மூட்டை. சென்ட்ரிங் பலகை சரியாக மட்டம் பார்க்கப்படாமல் கனம் 6 இன்ச் ஆகிவிட்டால்? 113 மூட்டை. ஒரு இன்ச்சில் 19 மூட்டை போயிற்று, ஜல்லியும் எம்-சாண்டும் தனி.

கம்பிக்கும் சூத்திரம் உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் 10.67 கிலோ. சிறு வித்தியாசம் சகஜம். எடை மேடையில் மிகவும் குறைந்தால் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதுதான். வீடு கட்டும் எல்லோரும் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

பெரிய கம்பெனிகளில் இந்த வேலைக்கு 'குவான்டிட்டி சர்வேயர்' என்று பெயர். டெண்டர், பில், எம்-புக் எல்லாம் இவர் மேஜைக்கு வரும். வளைகுடா நாடுகளிலும் இந்தப் பதவிக்கு மதிப்பு உண்டு.

மனைத் திட்டமிடல் மூன்றாவது. டோட்டல் ஸ்டேஷன் கருவியால் மேடுபள்ளம் அளந்து, மழைநீர் எங்கே போகும், செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வர வேண்டும், ரோட்டைவிட பேஸ்மென்ட் எவ்வளவு உயரம் என்று முடிவுசெய்வது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயரும் ரோட்டால், மழை வந்ததும் வீட்டுக்குள் தண்ணீர் வாங்கியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

என்ன படிக்கலாம்?

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ-யில் இரண்டு வருட சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பிலோ, பாலிடெக்னிக்கில் மூன்று வருட சிவில் டிப்ளோமாவிலோ சேரலாம். டிப்ளோமா முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. தொழில்நுட்பப் பணித் தேர்வுகள், மத்திய அரசில் எஸ்.எஸ்.சி. ஜூனியர் இன்ஜினீயர் தேர்வு.

ஆட்டோகேட், ரெவிட் தெரிந்தால் நல்லது. ஆனால் டேப்பும் ரசமட்டமும் பிடிக்காத கைக்கு மென்பொருள் சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. ஆரம்பச் சம்பளம் குறைவு, வெயில் நிஜம், பல சைட்டுகளில் பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லை. சேர்வதற்கு முன்பு இதையும் பேசிவிடுவது நல்லது. எஸ்டிமேட்டிங், டிசைன் வேலைகளில் அலுவலக நேரம் அதிகம் என்பதால் அந்தப் பக்கம் பெண்களுக்குக் கொஞ்சம் சுலபம்.

பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க, லீவில் ஒரு டேப்பைக் கொடுத்து உங்கள் வீட்டுச் சுவர்களை அளக்கச் சொல்லுங்கள். கதவு, ஜன்னல் கழித்து எவ்வளவு பெயின்ட் வேண்டும் என்று கணக்குப் போடட்டும். கடையில் கேட்காமலேயே அளவு சொன்னால், பாலிடெக்னிக் விண்ணப்பம் எப்போது தருகிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கலாம்.