ஒரு பாட்டில் மது ரூ.4 கோடி! நாலரை ஏக்கர் தோட்டத்தின் கதை

ஒரு பாட்டில் திராட்சை மதுவின் விலை 4 கோடி ரூபாய்!

நம்ப முடியவில்லை அல்லவா? 2018-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் நடந்த ஏலத்தில் அந்த விலைக்குத்தான் போயிற்று. 5 லட்சத்து 58 ஆயிரம் டாலர்! அதிகம் போனால் 32 ஆயிரம் டாலர் கிடைக்கும் என்றுதான் ஏலம் விட்டவர்கள் கணக்குப் போட்டு இருந்தார்கள்.

பாட்டிலின் அளவு முக்கால் லிட்டர். மாதச் சம்பளக்காரர் ஆயுள் முழுவதும் சேர்த்தாலும் ஒரு மடக்குக்குக் காணாது!

அந்த மதுவின் பெயர், ரோமனே கோந்தி. 1945-ம் ஆண்டு அறுவடை.

நாலரை ஏக்கர்

பிரான்சு நாட்டில் பர்கண்டி என்ற பகுதி இருக்கிறது. அங்கே திஜோன் நகருக்குத் தெற்கே, மலைச்சரிவின் ஓரத்தில், வோன் ரோமனே என்று ஒரு சிறிய கிராமம். ஊருக்குப் பின்னால் மேட்டில்தான் அந்தத் தோட்டம்.

மொத்தம் நாலரை ஏக்கர். நம் ஊர்ப் பக்கம் சின்ன விவசாயி வைத்திருக்கும் நிலம்தான். சுற்றிலும் இடுப்பு உயரம்கூட இல்லாத கல்சுவர். ஓரத்தில் ஒரு கல் சிலுவை.

சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் கலந்த பூமி. காலை வெயில் படும் கிழக்குச் சரிவு. மழை நீர் தேங்காது. பயிராவது "பினோ நுவார்" என்ற கருந்திராட்சை ஒன்றுதான். வரப்பைத் தாண்டிய அடுத்த தோட்டத்திலும் அதே திராட்சைதான். ஆனால் அந்த மதுவுக்குப் பெயர் வேறு, விலையும் வேறு!

1760-ம் ஆண்டு கோந்தி இளவரசர் என்பவர் இந்தத் தோட்டத்தைப் பெரும் விலை கொடுத்து வாங்கினார். வாங்கியதும், மதுவை வெளியில் விற்பதை நிறுத்திவிட்டார். எல்லாம் அவர் விருந்துக்கே! பிரெஞ்சுப் புரட்சி வந்தது. தோட்டம் பறிமுதல் ஆயிற்று. 1794-ம் ஆண்டு ஏலத்துக்கு வந்தது. இளவரசர் பெயர் மட்டும் தோட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

பூச்சி வந்தது

1860-ம் ஆண்டுகளில் பிரான்சுக்கு ஒரு சனியன் வந்து சேர்ந்தது. பெயர் பில்லோக்சரா. அமெரிக்காவில் இருந்து வந்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னப் பூச்சி. வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். கொடி பட்டுப்போகும். நாடு முழுவதும் தோட்டங்கள் அழிந்தன.

மருந்தும் அமெரிக்காவில்தான் கிடைத்தது. அந்த நாட்டுக் கொடியின் வேரைப் பூச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனவே அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். ஒட்டு மாங்கன்று போலத்தான்!

ரோமனே கோந்திக்காரர்கள் மட்டும் மசியவில்லை. "எங்கள் கொடி எங்கள் வேரிலேயே நிற்கட்டும்" என்று பிடிவாதமாக இருந்தார்கள். மண்ணுக்குள் ரசாயன மருந்தை ஊசி போலச் செலுத்தி, பழைய கொடிகளைக் காப்பாற்றி வந்தார்கள்.

எத்தனை நாளைக்கு? இரண்டாம் உலகப்போர் மூண்டது. மருந்து கிடைக்கவில்லை. வேலைக்கு ஆளும் இல்லை. கொடிகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன.

கடைசி அறுவடை

1945-ம் ஆண்டு போர் முடிந்தது. அந்த வசந்தத்தில் கடும் பனி விழுந்து, துளிர் கருகியது. பிறகு நல்ல வெயில். மிஞ்சிய கொஞ்சம் பழத்தில் சாறு தேனாகத் திரண்டது. கிடைத்தது சுமார் 600 பாட்டில்தான்!

அந்த அறுவடை முடிந்ததும் பழைய கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். 1947-ம் ஆண்டு ஒட்டுக்கொடிகளை நட்டார்கள். 1946 முதல் 1951 வரை அந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட வரவில்லை. 1952-ல்தான் மறுபடி மது வந்தது.

4 கோடி ரூபாயின் ரகசியம் இதுதான். சொந்த வேரில் நின்ற கொடிகளின் கடைசி மது அது.

பழையது என்றாலே ருசி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான திராட்சை மது சில ஆண்டுகளில் கெட்டுவிடும். நல்ல சிவப்பு மதுவில் திராட்சைத் தோலின் துவர்ப்பு இருக்கும். அதுதான் காவல். குளிர்ந்த நிலவறையில், தக்கை உலராதபடி பாட்டிலைப் படுக்க வைப்பார்கள். ஆண்டுகள் போகப் போகத் துவர்ப்பு அடங்கும். சிவப்பு மாறிச் செங்கல் நிறம் வரும். அடியில் வண்டல் படியும்.

விஷ மிரட்டல்

பணம் இருக்கும் இடத்தில் திருடனும் இருப்பான். 2010-ம் ஆண்டு தோட்டத்துச் சொந்தக்காரருக்கு ஒரு மிரட்டல் வந்தது. "10 லட்சம் யூரோ கொடு. இல்லையேல் கொடிகளுக்கு விஷம் வைப்பேன்!" வெற்று மிரட்டல் அல்ல. சில கொடிகளில் துளை போட்டு விஷம் செலுத்தப்பட்டிருந்தது.

போலீசார் போலிப் பணப்பையைப் பக்கத்து ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வைத்துக் காத்திருந்தார்கள். எடுக்க வந்தவன் அகப்பட்டான்.

நியூயார்க் ஏலத்துக்கு வருவோம். 4 கோடிக்கு முதல் பாட்டில் போனதும், அதே 1945-ம் ஆண்டின் இன்னொரு பாட்டிலும் அங்கே ஏலத்துக்கு வந்தது. அது கொஞ்சம் மலிவு. 4 லட்சத்து 96 ஆயிரம் டாலர்!