எல்கோ நகரிற் கௌபோய்க் கவியரங்கு

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் புறத்திலே, நெவாடா மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில், எல்கோ என்னும் சிறு நகர் உளது. குளிர் மிகுந்த சனவரித் திங்களின் பிற்பகுதியில், அகன்ற விளிம்புடைய தொப்பியும் குதியுயர்ந்த சப்பாத்தும் அணிந்த மாந்தர் பலர் அங்கே வந்து கூடுவர். அவர் கூடுவது மாடு விற்றற்கன்று; கவிதை சொல்லுதற்கும் கேட்டற்குமேயாம். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் சிலரின் முயற்சியால் இவ்விழா 1985ஆம் ஆண்டிலே தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க செனற் சபை இதனைத் தேசிய கௌபோய்க் கவிதைக் கூட்டமென ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றிற்று. கன்று ஈனும் பருவத்துக்கு முன்னர்ப் பண்ணையாளர்க்குச் சற்றே ஓய்வு கிடைக்கும் காலம் அதுவாதலின், குளிரையும் பொருட்படுத்தாது அத்திங்களையே தேர்ந்தனர்.

கௌபோய் என்றவுடன் துப்பாக்கியுங் கையுமாகத் திரைப்படத்திலே தோன்றும் வீரனே பலர் நினைவுக்கு வருவான். உண்மைக் கௌபோயோ கூலிக்கு மாடு மேய்த்த தொழிலாளி. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், ரெக்சாஸ் வெளிகளிற் பெருகிக் கிடந்த மாடுகளைக் கன்சாஸ் மாநிலத்துப் புகையிரத நிலையங்கள்வரை பல நூறு மைல் ஓட்டிச் செல்லுந் தொழில் தழைத்தது. கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் அத்தொழிலிற் பலராயிருந்தனர் என்பதைத் திரைப்படங்கள் நெடுங்காலம் மறைத்துவிட்டன. முட்கம்பி வேலியும் புகையிரதப் பாதையும் பரவவே, ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அந்நெடும் பயணங்கள் அருகின.

அப்பயணங்களின் இரவுக் காவலிலேதான் பாட்டு வளர்ந்தது என்பர். மந்தை படுத்திருக்கையில் இருவர் குதிரைமீதமர்ந்து, எதிரெதிராக அதனைச் சுற்றி வருவர். ஓர் இடிமுழக்கம் போதும். ஒரு சுள்ளி முறியும் ஓசையும் போதும். மாடுகள் அனைத்தும் வெருண்டெழுந்து ஓடும். அவ்வோட்டத்தின் குறுக்கே அகப்பட்டவன் பிழைப்பது அரிது. ஆதலின் காவலர் தாழ்ந்த குரலிலே, குதிரையின் மெல்லிய நடைக்கிசைய, இடையறாது பாடினர். கிறித்தவத் தேவாலயப் பாட்டு மெட்டுக்களும், அயர்லாந்து, ஸ்கொத்லாந்து நாடுகளின் கதைப்பாட்டு மெட்டுக்களும் அவர்க்கு உதவின. சுவைஞர் தூங்கிவிடுவதே பாடகர்க்குப் பாராட்டாக அமைந்த அரங்கு உலகில் வேறுண்டோ, அறியோம்!

இப்பாடல்களைத் தோர்ப் என்பார் 1908இல் ஒரு சிறு நூலாகவும், லோமாக்ஸ் என்பார் 1910இற் பெரியதொரு தொகுப்பாகவும் வெளியிட்டனர். எனினும் ஏட்டினும் நாவே இவற்றுக்கு உறைவிடம். எல்கோ மேடையிலும் கவிதையை மனனஞ் செய்து ஒப்புவித்தலே சிறப்பு. தாளைப் பார்த்துப் படித்தல் அத்துணைச் சிறப்பன்று. அடியிறுதியில் இயைபு அமைந்த எளிய யாப்பு நினைவுக்குத் துணை செய்கின்றது. சுருக்குக் கயிறு, சேணம் முதலியவற்றின் பெயர்களுட் பல ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. அவற்றை அறியாதார்க்கு முதலிற் சில அடிகள் விளங்கா. ஆயினும் சொல்வோன் எங்கே குரலைத் தாழ்த்துகிறான், எங்கே ஒரு கணம் நிறுத்துகிறான் என்று கவனிப்பார்க்குப் பொருள் தானே புலனாகும்.

நாவிலே வழங்கும் கவிதைக்கு ஓர் இடருண்டு. இயற்றியவர் பெயர் எளிதில் மறைந்துவிடும். பட்ஜர் கிளார்க் (1883–1957) இயற்றிய கௌபோய் வழிபாட்டுக் கவிதை, ஆசிரியர் பெயரின்றியே தபாலட்டைகளில் அச்சாகி நாடெங்கும் பரவியது. அரிசோனா மாநிலத்துக் கேல் கார்டினர் 1917இல் எழுதிய நகைச்சுவைப் பாட்டை வேறொரு பாடகர் தம்முடையதென்றே கூறிக்கொண்டார். பிறர் கவிதையைச் சொல்லப் புகுவோர் ஆசிரியர் பெயரை முதலிற் கூறுவது நன்மரபாதல் இதனாலேயே. புரூஸ் கிஸ்காடன் (1878–1950) இளமையில் மாடு மேய்த்தவர். பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து விடுதிகளிற் பெட்டி சுமக்கும் பணியாளராயிருந்துகொண்டே கவிதை எழுதினார். அவர் கவிதைகள் இன்று மேடைகளில் அவர் பெயருடன் ஒலிக்கின்றன.

மேற்கத்திய இசையின் வரலாறு சற்று வேறானது. 1930களில் வானொலியும் திரைப்படமும் வளர்த்த அவ்விசையில், 'முன்னோடிகளின் புதல்வர்' என்னும் பொருள்படும் பெயர் பூண்ட குழுவினர் புகழ்பெற்றனர். அவருட் பொப் நோலன் கனடாவிற் பிறந்தவர். ரோய் ரோஜர்ஸ் ஒகாயோ மாநிலத்தவர். எனவே இது போலி இசை என்பாருமுளர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. ஆக்கியோர் யாவராயினும், அப்பாட்டுக்கள் பண்ணை வீடுகளிற் புகுந்து மெய்யான கௌபோய்களின் வாயிலும் வழங்கலாயின.

மொன்ரானா மாநிலத்துப் பண்ணையாளரான வாலஸ் மக்ரே 1990இல் தேசிய மரபுரிமை விருது பெற்றவர். மறுபிறப்பைப் பற்றிய அவரது கவிதை பெரிதும் பேர்பெற்றது. இறந்த கௌபோய் மண்ணாகி, புல்லாகி, குதிரைக்கு இரையாகி, ஈற்றிற் சாணமாகக் கிடக்க, அவ்வழி வந்த தோழன் அவன் பெரிதும் மாறவில்லை எனக் காண்பதாக அது முடியும். பிறவிக் கோட்பாட்டை நன்கறிந்த நம்மவர் அதனைத் தத்துவமெனக் கொள்ளாது நகையெனக் கொள்வதே தகும். அவரே தம் பண்ணையின் அயலிலுள்ள கோல்ஸ்ரிப்பில் நிலக்கரிக்காக மேய்ச்சல் நிலம் அகழப்படுவதைப் பல்லாண்டு எதிர்த்து நின்றவர். அவ்விழப்பை நினைந்து கவிதையும் பாடியவர். சாணக் கவிதை பல மாநிலத்தார் வாயிலே புகுந்தது. நிலத்தைப் பாடிய கவிதை அத்துணைப் பரவவில்லை.